மூணு குச்சி எந்தப் பக்கம்?

எங்கள் பள்ளியில் திறமை என்றால் மூன்றுதான்: பேச்சு, கட்டுரை, பாட்டு. விளையாட்டு பி.டி. சார் பாடு, அதற்குத் தனி மேடை, தனிக் கோப்பை. மற்றபடி ஆண்டுவிழா அன்று மைக்கில் பெயர் கூப்பிட்டு எவர்சில்வர் டம்ளரோ டிபன் பாக்ஸோ கையில் கொடுக்க வேண்டுமென்றால், இந்த மூன்றில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1988-ல் ப்ளஸ் ஒன் சேர்ந்து, 1990 மார்ச்சில் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிய ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். வைகைக்குத் தென்கரையில், பையன்கள் மட்டும் படித்த பள்ளி. டி.வி.எஸ். வேலைக்காரர் மகனும், கீழவாசல் பாத்திரக்கடைக்காரர் மகனும், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்களும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பேச்சுக்கு மதுரையில் இருக்கிற மவுசு வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் தமிழ்ச் சங்கம் வைத்த ஊர். 1904-ல் பாரதி சில மாதங்கள் தமிழாசிரியராக வேலை பார்த்த சேதுபதி பள்ளி வடக்குவெளி வீதியில் இருக்கிறது. 1981-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது நாங்கள் ஆரம்பப் பள்ளியில் இருந்தோம். அப்பா தோளில் உட்கார்ந்து அலங்கார ஊர்திகளைப் பார்த்தவர்கள் வகுப்பில் பாதிப் பேர். ஆனால் இந்த வரலாறெல்லாம் எங்களுக்கு வேறு கணக்கு. இவையெல்லாம் பேச்சுப் போட்டி நடக்கிற இடங்கள், அவ்வளவுதான். எந்த இடத்தில் நடுவர்கள் மணியைச் சீக்கிரம் அடிப்பார்கள், எங்கே போட்டி முடிந்ததும் வடையும் காபியும் கொடுப்பார்கள் என்பது அத்துப்படி.

எங்கள் வகுப்புப் பேச்சாளன் ஒரு மளிகைக்கடைக்காரர் மகன். அவனோடு துணைக்கு ஐந்தாறு பேர் கிளம்பிவிடுவோம். வகுப்பைக் கட் அடிக்க அனுமதியோடு கிடைத்த ஒரே வழி அது. அக்டோபர் 2-ஐ ஒட்டி தமுக்கம் பக்கத்துக் காந்தி மியூசியத்துக்குப் போவோம். 1959-ல் நேரு திறந்துவைத்த இடம். முறை வருகிற வரைக்கும் உள்ளே சுற்றிக்கொண்டிருப்போம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இருக்கிற அறைக்கு வந்ததும் மட்டும் சத்தம் அடங்கும். வெளியே வந்தால் மறுபடி கூத்து. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி அரையாடையோடு வெளியே வந்த கதை வராத காந்திப் பேச்சு மதுரையில் கிடையாது. இருபது பையன்கள் பேசினால் இருபது முறை அவர் சட்டையைக் கழற்றுவார். எங்கள் ஆள் கொஞ்சம் கெட்டிக்காரன். அந்தக் கதையில் ஆரம்பிக்காமல் அதை முடிவுக்கு வைத்துக்கொள்வான், முதல் மணி அடித்த பிறகு. பரிசு அநேகமாக அவனுக்குத்தான்.

அவனுக்குக் குரு வீதி. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் தெருமுனையில் பட்டிமன்றம் போடுவார்கள். அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா நடுவராக வருகிறார் என்றால் எட்டு மணிக்கே துண்டு விரித்து இடம் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பான். கேட்டு வளர்ந்தது என்னவோ பேச்சுத் தமிழில் போடுபோடென்று போடுகிற நடுவரை. ஆனால் மேடையேறினால் இவன் வாயில் வருவதெல்லாம் செந்தமிழ். அதற்குத்தான் மதிப்பெண் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

1989 சித்திரைத் திருவிழாவில் இந்தச் செந்தமிழுக்கு ஒரு சோதனை வந்தது. அப்போது ப்ளஸ் டூ வகுப்புகளில் என்.எஸ்.எஸ். வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காந்தி நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்த நாட்டு நலப்பணித் திட்டம், மெல்லப் பள்ளிகளுக்கும் இறங்கி வந்திருந்தது. கோனார்க் தேர்ச்சக்கரம் போட்ட பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு, அழகர் ஆற்றில் இறங்கும் அன்று விடியற்காலை நாங்கள் வைகைக்குள் நின்றோம். சாரணர்களும் ஊர்க்காவல் படையும் கயிறு பிடித்தார்கள். எங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை, பிறகு காணாமல் போன பிள்ளைகள் கூடாரம். அந்த வேலைக்கு மைக் உண்டு என்றதும் எல்லோரும் பேச்சாளனைத்தான் பார்த்தோம்.

ஒரு சிறு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். இவன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்: "அன்பார்ந்த பொதுமக்களே! ஊதா வண்ண மேலாடை அணிந்த, ஏறத்தாழ நான்கு அகவை நிரம்பிய ஆண் குழந்தை ஒன்று..." மூன்று தரம் சொன்னான். யாரும் வரவில்லை. பக்கத்திலிருந்த ஏட்டையா, "தம்பி, பிள்ளை எங்க இருக்குன்னு மொதல்ல சொல்லுப்பா" என்றார். அவன் நான்காம் தரமும் அகவையிலிருந்தே தொடங்கினான்.

மைக்கை வாங்கியது எங்கள் விடுதிக்காரன். வகுப்பில் இருக்கிற இடமே தெரியாதவன். ஆங்கிலத்தில் முப்பத்தைந்தைத் தொட்டால் பெரிது. அவன் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "ஊதாச் சட்ட, மொட்டத் தல, கையில பலூனு. பேரு கேட்டா தம்பிங்கறான். ஊரு மேலூருப் பக்கம். ஏ.வி. பாலத்துக்குக் கீழ, போலீசுக் கூடாரத்துல இருக்கான். அழுகல. பஜ்ஜி தின்னுக்கிட்டிருக்கான். பதறாம வாங்க." அம்மாவும் அப்பத்தாவும் தலைவிரி கோலமாக ஓடிவந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு மதியம் வரை மைக் அவன் கையில்தான். ஒவ்வொரு அறிவிப்பிலும் பிள்ளை அழுகிறதா, என்ன சாப்பிடுகிறது என்று ஒரு வரி சேர்த்தான். தொலைத்தவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்று எங்களில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் காலாண்டு விடுமுறையில் பத்து நாள் முகாம், டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில். பாண்டியன் போக்குவரத்துக் கழக பஸ்ஸின் மேல் அண்டா, அடுப்பு, கடப்பாரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திருமங்கலம் வழியாகப் போய் இறங்கினோம். தங்கியது ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்தில். காலையில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் காலைத் தூர்வார வேண்டும், மதியம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, இரவு கலைநிகழ்ச்சி. தூர்வாரிய கதையை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. கரிசலில் முதல் மழை பெய்ததும் மண்வெட்டி ஏழு கிலோ கனக்கும். செருப்பைக் கழற்றி ஒரு வரப்பில் வைத்தால் அப்புறம் அது மண்கட்டியா செருப்பா என்று தெரியாது. நாங்கள் இரண்டு நாளில் செய்ததை ஊர்க்காரர் நான்கு பேர் ஒரு முற்பகலில் செய்திருப்பார்கள். புங்கையும் வேம்பும் நட்டோம். நட்ட மறுநாளே ஆடு கடித்தது. வேலையின் அளவை வைத்துப் பார்த்தால் அந்த முகாமுக்கு ஆன அரிசி வீண்.

ஒருநாள் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு நடந்தே கூட்டிப்போனார்கள். 1940-ல் தொடங்கியது. லண்டனில் ஆடிட்டராகப் பயின்று, கோட்டு சூட்டையெல்லாம் விட்டுவிட்டுக் காந்தியிடம் போன ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடம். கிராமப் பொருளாதாரம் பற்றி அங்கே ஒரு பெரியவர் சொன்னது ஒன்றும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. எங்கள் வகுப்புப் பொருளாளன் மட்டும் அங்கே கணக்குப் புத்தகம் எழுதுகிற முறையைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆசிரியர் தினத்துக்குத் தலைக்கு இரண்டு ரூபாய் வசூலித்து, மிச்சம் வந்த சில்லறையை வகுப்பில் எல்லோர் முன்னாலும் எண்ணிக் காட்டியவன் அவன். முகாமிலும் அரிசி, பருப்பு, விறகு எல்லாம் அவன் பொறுப்பு. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை, மல்லி, இரண்டு முருங்கைக்காய் இல்லாமல் நகர மாட்டான். பத்தாம் நாள் இரவு பாயசம் வைக்கிற அளவுக்கு மிச்சம் பிடித்திருந்தான். இதற்கெல்லாம் யார் டம்ளர் கொடுக்கிறார்கள்?

முகாமின் நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை கண் முகாம். அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து வருவதாக ஏற்பாடு. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் அண்ணா நகரில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இளம் வயதில் வந்த மூட்டுவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களோடேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சம் பேருக்குமேல் கண்ணைத் திறந்துவிட்டவர். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று காத்திருக்காமல் ஊர் ஊராகப் போவது அவர்கள் வழக்கம். இலவசம் என்றாலும் ஜனங்கள் வராமல் போவதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல, பஸ் காசு, சாப்பாடு, போகிற கூலி, துணைக்கு ஆளில்லாமை என்பதையும் அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். அதனால் புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் செய்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

அதற்கு முதல் நாள் விளம்பர வேலை ஓவியனுக்கு. வகுப்பில் பாதிப் பேருடைய தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் செம்பருத்தியை வெட்டித் திறந்து காட்டியவன் அவன்தான். கூலி, ஒரு படத்துக்கு இரண்டு பரோட்டா. சுண்ணாம்பில் துணி நீலத்தைக் கலந்து, வேப்பங்குச்சி நுனியைக் கடித்துத் தூரிகையாக்கி, ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு பெரிய கண்ணை வரைந்தான். எழுத்து கீழே சின்னதாக. "எழுத்து வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு நாம நேர்ல சொல்லிக்கலாம்" என்றான். ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் அந்தக் கண் எங்களையே முறைத்துப் பார்த்தது. ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயந்தன. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டாக்டர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஊரில் ஈ காக்கை இல்லை. பஞ்சாயத்து டி.வி. முன்னால் அத்தனை பேரும் மகாபாரதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசுவது இந்தி, ஒருவருக்கும் புரியாது, ஒரு வார்த்தை விடாமல் பார்த்தார்கள், கண் தெரியாத கிழவர்கள் உட்பட. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரப்பிள்ளைகள், யார் யார்மேல் அம்பு விடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தன. முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

பெயர் எழுத ஒரு மேஜை, பார்வை பார்க்க ஒன்று, கண் நீர் அழுத்தம் பார்க்க ஒன்று. பார்வை பார்க்கிற இடத்தில் ஓர் அட்டை. எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஆங்கில 'ஈ' எழுத்தை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் திருப்பியும் போட்டிருப்பார்கள். மேலே பெரிது, கீழே போகப் போகச் சின்னது. அது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். வந்திருந்த அக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை நாங்கள் அப்படியே ஒப்பித்தோம். "எழுத்தின் திறந்த பகுதி எத்திசையில் உள்ளது?" பெரியவர்கள் அட்டையைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். விடுதிக்காரன் வரிசைக்கு வந்தான். "மூணு குச்சி நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அது எந்தப் பக்கம் நீட்டுது, கைய அந்தப் பக்கம் நீட்டுங்க ஆத்தா. கிழக்கயா மேற்கயா? தெரியலையா? தெரியலன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இது பரீட்சை இல்ல, அடிக்க மாட்டாக." சிரிப்பு கிளம்பியது. வரிசை நகர்ந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி மானம் காக்கப் பார்த்த ஒரு பெரியவரைக்கூட அவன் வழிக்குக் கொண்டுவந்தான்: "அய்யா, நீங்க நல்லாப் பாத்தீங்கன்னா ஒங்களுக்குப் பஸ்ல இடம் கிடைக்காது."

சாயங்காலம் பஸ் புறப்படும் நேரம் ஒரு அம்மா ஏற மறுத்துவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. பகலிலேயே கையைத் தடவித்தான் நடந்தார். என்.எஸ்.எஸ். சார் சொன்னார், நர்ஸ் சொன்னார், எங்கள் பேச்சாளன் பத்து நிமிஷம் பார்வையின் பெருமையைப் பேசினான். "கண்ண நோண்டிப்புட்டா என்ன செய்யறது" என்று அவர் ஆரம்பித்ததை வைத்து, ஆபரேஷன் வலிக்காது, ஊசி போடுவார்கள் என்று ஆளுக்கு ஆள் விளக்கினோம். விடுதிக்காரன் அவர் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எத்தன உருப்படி ஆத்தா?"

அவர் முகம் அவன் பக்கம் திரும்பியது. "ஆறுய்யா. ஒண்ணு சினை."

"தண்ணி காட்ட ஆளிருக்கா?"

"மகன் திருப்பூருக்குப் போயிட்டான். யாரிருக்கா?"

அவன் எழுந்து போய்விட்டான். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கால் மணி கழித்து ஒரு சின்னப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். "ஆத்தா, இது ஒங்க எதுத்த வீட்டுப் பிள்ள. காலையில இவ தொறந்துவிடுவா. நாங்க வெள்ளிக்கிழம வரைக்கும் இங்கனதான் இருக்கோம். சாயங்காலம் எண்ணிக் கட்டறது என் பொறுப்பு. சினையாட்டு கழுத்துல வெள்ள மறு இருக்கு, பாத்துட்டு வந்துட்டேன்." அவர் எழுந்து, புடவை முந்தானையில் முடிந்திருந்த காசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறினார். நாங்கள் கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசியது ஆட்டைப் பற்றி. இவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று ராத்திரி கேட்டேன். "எங்கப்பத்தாவுக்கும் இப்படித்தான். கேட்டா வேற எதாச்சும் சொல்லும்" என்றான், அவ்வளவுதான்.

அடுத்த நாலு நாளும் சாயங்காலம் கலைநிகழ்ச்சி ஒத்திகையை விட்டுவிட்டு ஆடு எண்ணப் போனான். எங்கள் பாடகனும் கூடவே போனான். டி.எம்.எஸ். பிறந்த சௌராஷ்டிர சமூகத்துப் பையன். அதே கணீர் குரல். ஆண்டுவிழாவில் அவன் பாட ஆரம்பித்தால் தலைமையாசிரியர்கூடக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தத் தெருவில் ஒரு கிழவர் பாடிய தெம்மாங்கைக் கேட்டுவிட்டு, கடைசி நாள் விழாவில் தான் பாட மறுத்து அந்தக் கிழவரை மேடையேற்றினான். ஆஸ்பத்திரி பஸ் வியாழக்கிழமை வந்தது. இறங்கினவர்கள் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி. எம்.ஜி.ஆர். இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை; "இத்தன தலைவர் ஒரே பஸ்ல வந்தா ஊரு தாங்குமா" என்று சாவடியில் ஒரே கேலி. அந்த அம்மா யாரிடமும் பேசாமல் நேரே கொட்டடிக்குப் போய், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு ஆடுகளைப் பார்த்தார். "கண்ணாடியக் கழட்டாதீங்க ஆத்தா" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினான் விடுதிக்காரன்.

அந்தக் காலத்தில் அந்த மாதிரி முகாம்களில் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பதுதான் நடைமுறை. கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு. ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-ல் அரவிந்த்காரர்களே ஆரோலேப் என்று தொடங்கி மதுரையில் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது சாதாரண ஜனங்களுக்கும் சகஜமாயிற்று.

அந்த வருஷ ஆண்டுவிழாவில் பேச்சாளனுக்கு இரண்டு பரிசு, பாடகனுக்கு ஒன்று. முகாமுக்குப் போன எல்லோருக்கும் சைக்ளோஸ்டைல் செய்த சான்றிதழ்; எல்லாவற்றிலும் ஒரே வாசகம். ஆடு எண்ணியவனுக்கும் அண்டா கழுவாமல் ஒளிந்துகொண்டவனுக்கும் ஒரே "சிறப்பாகப் பணியாற்றினார்". பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை அளக்க எந்தப் பள்ளியில் தராசு இருக்கிறது? ஆனாலும் எனக்கு அன்றைக்கும் கோபம்தான், இன்றைக்கும் கோபம்தான்.

ஓவியன் கொஞ்ச காலம் விளம்பரப் பலகை எழுதினான். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் தின்றதும் பெரியார் பஸ் நிலையம் பக்கம் போட்டோ பிரேம் கடை வைத்தான். கடையில் மாட்டியிருப்பது மனோகர் தேவதாஸ் வரைந்த மதுரைக் கோபுரத்தின் அச்சுப் படம். சேதுபதி பள்ளியில் படித்து, அந்தப் பையன் பருவத்தை 'கிரீன் வெல் இயர்ஸ்' என்று 1997-ல் புத்தகமாக்கியவர் அவர். விழித்திரை நோயில் பார்வை ஊசித் துவாரமாகக் குறுகிக்கொண்டே போனபோதும் ஆனைமலையையும் கோபுரங்களையும் மயிரிழைக் கோடுகளில் வரைந்தவர். "இவரு படத்துல ஒரு ஓடு விடாம எண்ணலாம்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவான். பிரேம் போட வந்தவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

பொருளாளன் கூட்டுறவு வங்கியில் மேலாளர். பாடகன் கச்சேரிக் குழுவில் சேர்ந்து, விலகி, இப்போது கைத்தறிச் சேலைக் கடை. விடுதிக்காரன் ஆங்கிலத்தில் இரண்டாம் முயற்சியில் தேறி, டிப்ளமா முடித்து, இப்போது ஒரு ஊராட்சியில் செயலர். அவன் ஆபீஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முதியோர் பென்ஷனுக்கு வருகிறவர்களிடம் முதல் கேள்வி இன்னும் படிவத்தைப் பற்றி இல்லை.

இப்போது எங்களுக்கும் வாட்ஸப் குழு உண்டு. காலை வணக்கமும் வைரமுத்துப் பிறந்தநாள் வாழ்த்தும்தான் பெரும்பாலும். போன மாதம் பள்ளிக்கு ஏதாவது செய்வோம் என்று பேச்சு கிளம்பியது. பேச்சாளன் சுழற்கோப்பை வைத்துப் பேச்சுப் போட்டி நடத்தலாம் என்றான். அவன் இப்போது வக்கீல், பேச்சில்தான் பிழைப்பு. விடுதிக்காரன் கண் முகாம் போடுவோம் என்றான். எங்கள் வயதுக்கும் சர்க்கரைக்கும் குழுவிலேயே மூன்று பேருக்குப் புரை ஆரம்பித்துவிட்டது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வாக்கெடுப்பில் முகாம் ஜெயித்தது. நோட்டீஸ் எழுதும் பொறுப்பைப் பேச்சாளனுக்கே கொடுத்தோம். இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினான், கண்ணப்ப நாயனாரில் ஆரம்பித்து. விடுதிக்காரன் அதை அடித்துவிட்டுப் போட்டது இது: "ஞாயிறு காலை 9 மணி. பள்ளிக்கூடத்துக்குள் வலதுபக்கக் கட்டடம். சாப்பிட்டுவிட்டு வரவும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டை எடுத்து வரவும். கூட வர ஆள் இல்லாதவர்கள் முதல் நாளே போன் செய்யவும். நாங்கள் வந்து கூட்டிப்போகிறோம்."